முற்றுப்பெறாத படமும் முற்றுவிக்கப்பட்ட படமும்
– 'கேம் ஒஃப் டெத்' பற்றிய ஒரு நோக்கு –

தற்காப்புக்கலைத் திரைப்படங்களைக் கலை விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே பெரிதும் இல்லை. மலிவான பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லுடன் அவை ஒதுக்கப்படுவதுண்டு. ஆயின் பல நாடுகளின் உழைக்கும் இளைஞர்கள் கொட்டகைகளை நிறைத்துப் பார்த்த ஒரு கலைவடிவத்தை அவ்வாறு ஒதுக்கிவிடுவது, அவ்விளைஞர்களின் இரசனையையும் ஏக்கங்களையும் ஆராயாது விடுவதாகவே முடியும். அவ்வடிவத்தின் வெற்றிகளிலிருந்து அறியத்தக்கவை பல. தோல்விகளிலிருந்து அறியத்தக்கவையும் சில உள. 1978ஆம் ஆண்டு வெளிவந்த 'கேம் ஒஃப் டெத்' என்னும் படம் அத்தகையதொரு தோல்வி. அது சாதாரணத் தோல்வியும் அன்று.

புறூஸ் லீ ஹொங்கொங்கில் முதன்மை நடிகராகப் புகழ்பெற்ற காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவானது. 'த பிக் பொஸ்' (1971), 'ஃபிஸ்ற் ஒஃப் ஃபியூரி' (1972), 'வே ஒஃப் த ட்ராகன்' (1972), 'என்ரர் த ட்ராகன்' (1973) ஆகிய நான்கும் அவர் முழுமையாக நடித்து முடித்த படங்கள். மூன்றாவது படத்தை எழுதி நெறிப்படுத்தியவரும் அவரே. அதனை முடித்த கையோடு, 1972இன் பிற்பகுதியில், தாமே எழுதி நெறிப்படுத்தும் இன்னொரு படத்தின் சண்டைக் காட்சிகள் சிலவற்றை அவர் படமாக்கத் தொடங்கினார். அவ்வேளையில் அமெரிக்க நிறுவனமொன்றின் கூட்டுத் தயாரிப்பான 'என்ரர் த ட்ராகன்' வாய்ப்பு வந்து சேர, தொடங்கிய வேலை இடையில் நிறுத்தப்பட்டது. 1973 யூலை 20ஆம் திகதி, தமது 32ஆவது வயதில், அவர் ஹொங்கொங்கில் காலமானார். நிறுத்தப்பட்ட வேலை மீண்டும் தொடங்கவில்லை.

ஐந்து ஆண்டுகளின் பின், 'என்ரர் த ட்ராகன்' படத்தின் நெறியாளரான றொபேட் குளோஸிடம், எஞ்சியிருந்த படச்சுருள்களைக் கொண்டு ஒரு முழுநீளப் படத்தை ஆக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 100 நிமிடம் ஓடும் அப்படத்தில் லீ அதற்கெனவே நடித்த பகுதி 15 நிமிடத்துக்கும் குறைவானது. எஞ்சிய நேரமெல்லாம் கிம் தாய் சுங் முதலிய பதிலி நடிகர்களும், பாய்ச்சல்களுக்கு யுவென் பியாவோவும், இவர்களிடையே முன்னைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட லீயின் முகமும் கதாநாயகனாகத் தோன்றுகின்றன.

படம் பார்த்தோர் பெரும்பாலும் கூறும் குறை அதன் வேகம் ஒரு சீராக இல்லை என்பதாகும். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கதை இழுபட்டு இழுபட்டுச் செல்கின்றது. பின்னர் திடீரென உயிர் பெறுகின்றது. உயிர் பெற்ற சில நிமிடங்களில் மீண்டும் சோர்ந்து விழுகின்றது. இக்குறை உண்மையே. ஆனால் இதனைப் படத்தொகுப்பாளரின் திறமைக் குறைவாகக் கொள்வது மேலெழுந்தவாரியான பார்வையாகும். இப்படத்தின் லயக்கேட்டுக்கு வேர் வேறிடத்தில் உள்ளது.

உரையாடற் காட்சிகளை முதலில் நோக்கலாம். பில்லி லோ என்னும் கதாநாயகன் ஒரு புகழ்பெற்ற திரைப்பட நடிகன். நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் ஒப்பந்தங்களால் கட்டிவைத்துச் சுரண்டும் ஒரு கும்பல் அவனையும் தன் பிடிக்குள் கொண்டுவர முயல்கின்றது. அவன் மறுக்கின்றான். இங்கு கதாநாயகன் மறுக்க வேண்டும், அஞ்ச வேண்டும், காதலியிடம் எதையோ மறைக்க வேண்டும். இவையாவும் முகத்தால் நிகழ்த்தப்பட வேண்டியவை. ஆனால் கதாநாயகனுக்கு முகமே இல்லை. ஆகவே கமரா அவனது பிடரியைப் பார்க்கின்றது, நிழலில் நிறுத்துகின்றது, பெரிய கறுப்புக் கண்ணாடியை அணிவிக்கின்றது. ஓரிடத்தில், ஒப்பனை அறைக் கண்ணாடியில், லீயின் முகத்தை வெட்டி ஒட்டியது போன்ற ஓர் அசையாப் படம் பதிலி நடிகரின் தோள்மீது பொருந்தி நிற்பதைக் காணலாம். கொட்டகையில் சிரிப்பை எழுப்பிய இக்காட்சி உண்மையிற் சிரிப்புக்குரியதன்று. கதாநாயகன் பேச இயலாத இடத்தில் மற்றவர்கள் பேசியாக வேண்டும். கிக் யங், கொலீன் காம்ப், டீன் ஜகர், ஹியூ ஓ பிரையன் ஆகிய அமெரிக்க நடிகர்கள் அவன் சொல்லியிருக்க வேண்டியவற்றையும் அவனைப் பற்றியவற்றையும் தம்முள் பேசித் தீர்க்கின்றனர். மௌனியான ஒருவனைச் சுற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் நாடகம் எவ்வாறு விரைந்து நகரும்?

சண்டைக் காட்சிகளில் இக்குறை வேறு விதமாக வெளிப்படுகின்றது. லீயின் சண்டைகளைக் கூர்ந்து நோக்கியோர், அவற்றின் ஆற்றல் வேகத்தில் மாத்திரம் தங்கியதன்று என்பதை அறிவர். அவர் நிற்பார். நெடுநேரம் நிற்பார். எதிரியின் மூச்சை அளப்பவர் போன்று அசையாதிருந்து, பின் ஒரே வீச்சில் முடித்துவிட்டு மீண்டும் நிலைகொள்வார். அந்நிலைகளுக்கு இடையேயுள்ள அமைதியே அடியின் கனத்தைப் பார்வையாளருக்கு உணர்த்துவது. முழு உடலும் சட்டத்துள் அடங்கும் சேய்மைக் காட்சியில், வெட்டின்றி நீளும் துண்டுகளாக அவை படமாக்கப்பட்டதற்கும் காரணம் அதுவே: நிகழ்வது மெய்யாகவே நிகழ்கின்றது என்பதற்கு அவ்வுடலே சாட்சி. பதிலி நடிகரின் சண்டையில் இச்சாட்சிக்கு இடமில்லை. முகம் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் ஒவ்வொரு துண்டையும் குறுக்குகின்றது. நான்கு அடிகளுக்கு ஒருமுறை, முன்னொரு படத்திலிருந்து எடுத்த அண்மைக் காட்சியொன்று வந்து விழுகின்றது. அதன் ஒளி வேறு, நிறம் வேறு, பின்புலம் வேறு. அம்முகம் பார்ப்பது வேறொரு படத்தின் வேறோர் எதிரியை. அக்கணத்தில் சண்டையின் காலம் நின்றுபோகின்றது. மிருதங்கக்காரர் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில் இடையிடையே இன்னொருவரின் இசைத்தட்டைச் சுழலவிடுவது போன்றது இது. தாளம் எத்துணை சரியாயினும் கச்சேரி நடைபெறாது.

இவற்றினிடையே விதிவிலக்காக ஒரு சண்டையைக் குறிப்பிடுதல் நியாயமாகும். பொப் வோல் ஏற்ற பாத்திரத்துடன் உடைமாற்றும் அறையில் நிகழும் மோதல், அதற்கு முன்வரும் சாமோ ஹுங்கின் மேடைச் சண்டையோடு சேர்த்துப் பார்க்கையில், உறுதியான அமைப்புடையது. 1978இன் சண்டைகளை அமைத்தவர் சாமோ ஹுங். பின்னாளில் ஹொங்கொங் படவுலகில் அவர் நிகழ்த்திய சாதனைகளுக்கு இங்கு முன்னறிகுறி உண்டு. ஜோன் பரியின் இசையும் படத்தின் தரத்துக்கு மீறியது. ஆயினும் நல்ல இசை நல்ல படத்தை ஆக்கிவிடுவதில்லை.

இனிக் கதையமைப்பின் மிகப் பெரும் பிழைக்கு வருதல் தகும். பில்லி லோ ஒரு படப்பிடிப்பின்போது சுடப்படுகின்றான். பொய்த் தோட்டா இருக்க வேண்டிய துப்பாக்கியில் மெய்த் தோட்டா வைக்கப்பட்டிருக்கின்றது. அப்போது நடித்துக்கொண்டிருக்கும் காட்சி எது? 'ஃபிஸ்ற் ஒஃப் ஃபியூரி' படத்தின் இறுதிக் காட்சி. அப்படத்தை அறிந்தோருக்கு அதன் பொருள் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சாங்காய். அந்நிய ஆதிக்கத்தின் கீழ் தன் ஆசானையும் தோழரையும் இழந்த இளைஞன், தன்னை நோக்கி நீட்டப்பட்ட துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கின்றான். பாய்ந்த நிலையிலேயே படம் உறைந்து நிற்கின்றது. அடிமைப்பட்ட மக்களின் அவமானத்தை ஒரு தனிமனிதனின் உடல் தாங்கி எதிர்த்த அந்தப் பாய்ச்சல், ஆசிய ஆபிரிக்க நாடுகளின் பார்வையாளரைக் கவர்ந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 'த பிக் பொஸ்' படத்திலும் தாய்லாந்தின் பனிக்கட்டித் தொழிற்சாலையொன்றின் கூலித் தொழிலாளியாகவே அவர் தோன்றினார். 1978இல் அதே பாய்ச்சல், செல்வமும் புகழும் படைத்த ஒரு நடிகனின் ஒப்பந்தத் தகராற்றில் நேரும் விபத்தாகச் சுருங்குகின்றது. உருவம் அப்படியே எடுக்கப்பட்டது. உள்ளடக்கம் உறிஞ்சி எடுக்கப்பட்டது.

சுடப்பட்ட நாயகன் இறந்ததாக நடித்து மறைகின்றான். முகத்துக்குச் சத்திரசிகிச்சை செய்யப்படுகின்றது (முகம் மாறியிருப்பதற்குக் கதையாசிரியர் கண்ட சமாதானம் இது). அவனுக்குப் பொய்யான இறுதிச் சடங்கு நிகழ்கின்றது. அச்சடங்குக்குப் பயன்படுத்தப்பட்டவை 1973இல் ஹொங்கொங்கில் நிகழ்ந்த லீயின் மெய்யான இறுதிச் சடங்கின் படச்சுருள்கள். வீதியில் திரண்ட மக்கள் மெய்யானவர்கள். அவர்களது துயரம் மெய்யானது. திறந்த பேழையுள் கிடக்கும் முகமும் மெய்யானது. படம் முழுவதும் பிடரியையும் நிழலையும் காட்டி ஏய்த்த கமரா, கதாநாயகனின் உண்மை முகத்தை அப்படத்துக்கே உரிய நிகழ்ச்சியாக நேர்நின்று காட்டும் முதற் கணம் அவன் பிணமாகக் கிடக்கும் கணமே.

முற்றுப்பெறாத ஆக்கத்தைப் பிறர் முற்றுவிப்பது தன்னளவிற் குற்றமாகாது. பாணபட்டன் முடிக்காது விட்ட 'காதம்பரி'யை அவன் மகன் முடித்தான். மோசாட்டின் இறுதி வழிபாட்டிசையை அவரைச் சார்ந்த ஒருவர் நிறைவு செய்தார். அவை இன்றும் போற்றப்படுகின்றன. தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் கூறக்கூடும்: பணம் செலவிடப்பட்டிருந்தது, எஞ்சிய காட்சிகளைக் காண உலகெங்கும் இரசிகர் காத்திருந்தனர், அவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது எவருக்கு நன்மை? ஆயின் ஏட்டிலும் இசைக்குறிப்பிலும் எழுதப்பட்ட ஆக்கம் எழுதியவனின் உடலிலிருந்து பிரிந்து நிற்க வல்லது. போர்க்கலை நடிகனின் ஆக்கம் அவ்வாறு பிரிவதில்லை. அவனது உடலே அவனது ஏடு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்கு நிலைக்களனாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றைக் கூறும். லீயின் உடலில் பார்வையாளர் கண்டது கல்வியும் அஞ்சாமையும் கூடிய பெருமிதம். இன்னொருவரின் தோளில் ஒட்டப்பட்ட முகத்தில் அது தோன்றாது, தோன்றுவது இளிவரல்.

இவ்விடத்தில் ஒரு முரண் தெளிவாகின்றது. கதையின் வில்லன் யார்? ஒரு கலைஞன் மீது நிரந்தர உரிமை கோருபவன். அவன் விரும்பினாலும் விரும்பாவிடினும் அவனது உழைப்பு தனக்குரியது என்பவன். படமோ இறந்த கலைஞனின் சம்மதமின்றி அவனது முகத்தையும், முன்னைய உழைப்பையும், பிணத்தையும் தன் தேவைக்கேற்ப எடுத்தாளுகின்றது. கதாநாயகனின் பக்கம் நின்று கதை சொல்வதாகக் காட்டிக்கொண்டு, படம் வில்லனின் தொழிலையே செய்கின்றது. இதனை ஆக்கியோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. உணர்ந்திருப்பின் படம் இதைவிடச் சுவையாக இருந்திருக்கும்.

லீ படமாக்கியது யாது என்பதை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு 1978இன் பார்வையாளருக்கு இருக்கவில்லை. பின்னர் மூலச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டு, ஜோன் லிற்றில் ஆக்கிய 'புறூஸ் லீ: எ வொரியர்ஸ் ஜேர்னி' (2000) என்னும் ஆவணப் படத்தில், லீயின் குறிப்புகளுக்கு இயைய 30 நிமிடத்துக்கும் மேலாகத் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி கதாநாயகன் ஹாய் தியென் என்னும் ஓய்வுபெற்ற போர்க்கலை வீரன். ஐந்து தளங்கள் கொண்ட பகோடா ஒன்றில், தளத்துக்கொரு காவலனை வென்று மேலேற வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு உண்டு. அவனுடன் இரு தோழர்களும் ஏறுகின்றனர். படமாக்கப்பட்டவை மேலைய மூன்று தளங்களின் சண்டைகள்.

முதலாவதில் எதிரி டான் இனொசாண்டோ. இவர் லீயின் நண்பரும் மாணவருமாவார். பிலிப்பைன்சின் கோற்சண்டையில் வல்லவர். இரு குறுந்தடிகளால் அவர் நிகழ்த்துவது ஒழுங்கான தாளக்கட்டுடைய ஆட்டம். லீ கையிற் கொள்வதோ வளையும் மெல்லிய மூங்கிற் குச்சி. ஒழுங்கான தாளத்தில் அடிப்பவனின் தாளத்தைக் குலைத்து, அவன் எதிர்பாராத இடைவெளியில் அக்குச்சி நுழைகின்றது. எதிரியின் பயிற்சியே அவனுக்கு விலங்காகின்றது என்பதை லீ வாயாலும் சொல்கின்றார், செயலாலும் காட்டுகின்றார். இரண்டாமவர் கொரியாவின் ஹப்கிடோ ஆசான் ஜி ஹான் ஜே. இவருடனான சண்டை மற்றை இரண்டின் கூர்மையை எட்டவில்லை. மூன்றாமவர் 7 அடி 2 அங்குல உயரமுடைய கூடைப்பந்தாட்ட வீரர் கரீம் அப்துல் ஜப்பார். இவரும் லீயிடம் பயின்றவர். இப்பாத்திரத்துக்கு எந்த மரபுப் பாணியும் இல்லை; கதாநாயகனுக்கும் இல்லை. பாணிக்குள் கட்டுப்பட்டவனை வெல்லும் வழி தெரிந்தாயிற்று. கட்டுப்படாத இருவர் மோதினால் என்னாகும் என்பதே அத்தளத்தின் வினா. எதிரியின் கண்கள் ஒளியைத் தாங்கமாட்டாதவை என்பதை அறிந்து, யன்னல்களின் கடதாசித் திரைகளைக் கிழித்து வெளிச்சத்தை உள்ளே விடுகின்றான் ஹாய் தியென். தன்னைப் போன்ற ஒருவனைத் தன் உடல்வலியால் அவன் வெல்லவில்லை; சூழலை அறிந்தமையால் வெல்கின்றான்.

இங்கு லயமே உள்ளடக்கம். ஒழுங்கை எவ்வாறு குலைப்பது, எப்போது நிற்பது, எப்போது நுழைவது என்பனவற்றைப் பொருளாகக் கொண்ட ஒரு படம், லயமே அற்ற ஒன்றாக வெளிவந்தமை அவலமானது. குலைத்த தாளம் வேறு, குலைந்த தாளம் வேறு. முன்னையது தாளத்தை அறிந்தவனால் ஆவது.

1978இன் படம் இம்மூலத்தை என்ன செய்தது? தோழர் இருவரும் நீக்கப்பட்டனர். பகோடா ஓர் உணவகத்தின் மேல்மாடியாயிற்று. காவலர்கள் கும்பலின் அடியாட்கள் ஆயினர். லீ அணிந்த கறுப்புக் கோடிட்ட மஞ்சள் உடை, மரபுவழிப் பயிற்சியுடை எதனையும் சாராமையால் எந்தப் பாணிக்கும் அடிமைப்படாதவனின் அடையாளமாகப் பொருள் கொள்ளத்தக்கது. புதிய கதையிலோ அதற்கும் ஒரு காரணம் காட்டப்பட வேண்டியிருந்தது. ஆகவே மோட்டார் சைக்கிளில் வரும் கும்பலின் கொலையாளி ஒருவனுக்கு அதே உடையை அணிவித்தனர். எப்பாணியையும் சாராதவனின் உடை எதிரியின் சீருடையாகியது.

அவ்வுடையில் உண்மையான லீ தோன்றும் சில நிமிடங்களில் படம் நிமிர்ந்து உட்காருகின்றது. அதுவரை பொறுத்திருந்தோருக்கு அது பெரும் பரிசு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பின்னரும் கதை முடியவில்லை. அப்துல் ஜப்பாரை வென்றவன், மீண்டும் பதிலி நடிகராக மாறிக் கும்பலின் தளபதியுடனும் தலைவனுடனும் பொருத வேண்டியிருக்கின்றது. முதுமையடைந்த டீன் ஜகரைக் கூரைமேல் துரத்துவது, 7 அடி 2 அங்குலத்தின் பின் வரும் உச்சக்கட்டமாம்! சிகரம் வந்துபோன பின் சரிவில் இறுதிக்காட்சி வைக்கப்பட்டிருக்கின்றது. லீயின் ஏறுவரிசை அமைப்பை, அதன் பொருளை உணராது, துண்டாக எடுத்து ஒட்டியதன் விளைவு இது.

மூலத்தை மிகைபடப் புகழ்வதும் நேர்மையன்று. எஞ்சியுள்ள காட்சிகளில் தோழர் இருவரின் நகைச்சுவை பல இடங்களில் கரடுமுரடானது. தளத்துக்கொரு எதிரி என்ற அமைப்பு எளிதில் சலிப்பூட்டக்கூடியது. அதனை மறைக்க லீ கொண்டிருந்த உபாயம் யாதென்பதற்குக் கீழைத் தளங்கள் படமாக்கப்படவில்லை. அறக்கருத்தை வாயாற் சொல்லி விளக்கும் ஆர்வமும் அவரிடம் சற்று மிகுதி. அவர் வாழ்ந்திருப்பின் அதனை மாபெரும் படமாக ஆக்கியிருப்பார் என்று உறுதி கூறுவது பக்தியாகுமேயன்றி விமர்சனமாகாது. அது ஒரு கருத்தினடியாக எழுந்த படம், 1978இல் வந்தது ஒரு வணிகத் தேவையினடியாக எழுந்த படம் என்ற வேறுபாடே விமர்சகனுக்குப் போதுமானது.

இப்படத்தின் நிழல் நீண்டது. 1993 மார்ச் 31இல், லீயின் மகன் பிரண்டன் லீ, 'த க்ரோ' படப்பிடிப்பில், பொய்யாக இருக்க வேண்டிய துப்பாக்கியிலிருந்து மெய்யாகவே பாய்ந்த குண்டினால் இறந்தார். அப்படமும் பதிலி நடிகராலும் கணினி உத்திகளாலும் முற்றுவிக்கப்பட்டு 1994இல் வெளியாயிற்று. பில்லி லோவின் கதையை நினைத்துப் பார்ப்பவர் அதிர்ச்சியடையாது இருத்தல் அரிது. 2015இல் வெளிவந்த 'ஃபியூரியஸ் 7' படத்தில் இடைநடுவில் இறந்த போல் வோக்கரை அவரது சகோதரர்களின் உடல்கள் மீது கணினி மீட்டெடுத்தது. 2016இல் 'றோக் வன்' படத்தில், 1994இல் மறைந்த பீற்றர் குஷிங் பேசினார், நடந்தார். கண்ணாடியில் ஒட்டிய முகத்தைக் கண்டு சிரித்த கொட்டகை இவற்றைக் கண்டு சிரிக்கவில்லை. ஒட்டு தெரியாமற் போயிற்று என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்னும் வினா அங்கு எழுவதும் குறைவு. 1978இன் படத்துக்கு ஒரு வகையில் நன்றி கூறலாம். அதன் கைத்திறக் குறைவால் அது செய்த காரியம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

அதனை ஆக்கியோருக்கு அது தெரிந்ததாகக் கொள்ள இடமில்லை. 1981இல் அவர்கள் அதற்கொரு தொடர்ச்சியையும் வெளியிட்டனர். அதில் லீ தோன்றுவன யாவும் பழைய படங்களின் எச்சங்கள்; அவரது இறுதிச் சடங்கின் காட்சிகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டன; பாதிப் படத்தில் அவரது பாத்திரம் கொல்லப்பட, தம்பி என்ற பெயரில் கிம் தாய் சுங் தமது சொந்த முகத்துடன் எஞ்சிய பகுதியை நடித்து முடிக்கின்றார். கோபுரமொன்று அப்படத்திலும் உண்டு. அது நிலத்தின் கீழ் இறங்குகின்றது.